இன்வெர்ட்டருக்குள்ளேயே ஸ்விட்ச் இருக்கிறதே, வெளியே இன்னொன்று எதற்கு?

சோலார் இன்வெர்ட்டரின் டிசி பக்கத்தை, அதாவது பேனலிலிருந்து நேர்மின்னோட்டம் வரும் பக்கத்தை, துண்டிக்க ஒரு ஸ்விட்ச் வேண்டும் என்பதில் விதிகளுக்குள் சண்டை கிடையாது. சர்வதேச மின் தரநிலையான ஐஇசி 60364-7-712 அதை நேரடியாகவே கேட்கிறது. அமெரிக்க மின் விதித்தொகுப்பான என்இசியின் 690.15 பிரிவு இடத்தையும் சொல்கிறது: கருவிக்குள்ளேயே இருக்கலாம், அல்லது வெளியே, கண்ணில் படும்படி இருக்கலாம். எதை வைப்பது என்பதுதான் பாக்கி.

உள்ளேயே வரும் ஸ்விட்சில் கூடுதல் பெட்டியும் இல்லை, கூடுதல் இணைப்பும் இல்லை. குறை தெரிவது இன்வெர்ட்டர் பழுதாகிக் கழற்றும் அன்றுதான். பெட்டியோடு ஸ்விட்சும் போய்விடும்; சுவரில் தொங்கும் எம்சி4 முனைகளிலோ (பேனல் வயரின் இணைப்பு முனைகள்) பகல் முழுக்கச் சில நூறு வோல்ட் நிற்கும். ஸ்விட்ச் உள்ள அடிப்பகுதி சுவரிலேயே தங்கி, மேல்பகுதி மட்டும் கழலும் மாடல் என்றால் இந்தக் கவலை இல்லை.

தனி ரோட்டரி ஐசோலேட்டர் (திருப்பி அணைக்கும் துண்டிப்பு ஸ்விட்ச்) இதைத் தீர்க்கிறது, ஆனால் தானே ஒரு தலைவலியாகவும் மாறும். ஒரு ஸ்ட்ரிங்குக்கே (தொடராக இணைத்த பேனல் வரிசை) குறைந்தது 4 திருகு இணைப்புகள். அதில் ஒன்று சரியாக இறுகவில்லை என்றால் சூடேறும்; சில வருடம் கழித்து மூடியைத் திறந்தால் அந்த ஒரு திருகைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் பழுப்பேறி இருக்கும். வயர் மேலிருந்து நுழைந்தால் மழைத்தண்ணீரும் கூடவே இறங்கும். கூரைமேல் ஐசோலேட்டர் கட்டாயம் என்றிருந்த ஆஸ்திரேலியா, தீ விபத்துகளைப் பார்த்துவிட்டு தன் சோலார் தரநிலையான ஏஎஸ்/என்இசட்எஸ் 5033-ன் 2021 பதிப்பில் அந்தக் கட்டாயத்தை விலக்கியது. பாதுகாப்புக்கென்று வைத்ததே பற்றி எரிந்த கதை!

மூன்றாவது, டிசி எம்சிபி, அதாவது மின்னோட்டம் மிகுந்தால் தானே ட்ரிப் ஆகும் பிரேக்கர். இதை ஐசோலேட்டருக்குப் பதிலாக வைப்பது எனக்கு உடன்பாடில்லை. 50 ஹெர்ட்ஸ் ஏசியில் மின்னோட்டம் விநாடிக்கு 100 முறை பூஜ்ஜியத்தைத் தொடும், ஸ்விட்ச் பிரியும்போது எழும் பொறி தானே அணையும். டிசியில் அந்த இடைவெளி கிடையாது. பல டிசி எம்சிபிகள் காந்தத்தால் பொறியை ஒரு பக்கமாகத் தள்ளி அணைக்கின்றன. பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுத்தால் பொறி எதிர்ப்பக்கம் ஓடி எம்சிபியையே எரிக்கும். அப்புறம், ஒற்றை ஸ்ட்ரிங் ஷார்ட் ஆனாலும் வழக்கத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகமாக மின்னோட்டம் வரும் என்பதால் அது ட்ரிப் ஆகவும் போவதில்லை.

என் தேர்வு: அடிப்பகுதி தனியாகக் கழலும் இன்வெர்ட்டர் என்றால் உள் ஸ்விட்சே போதும். இல்லையென்றால் பக்கத்திலேயே, நிழலில், வயர் கீழிருந்து நுழையும்படி ஒரே ஒரு ஐசோலேட்டர். அதன்மேல் ஸ்விட்ச் தரநிலையான ஐஇசி 60947-3, சோலார் டிசிக்கான வகையான டிசி-பிவி1 அல்லது டிசி-பிவி2 என்று அச்சிட்டிருக்க வேண்டும். அதன் வோல்ட் அளவை, குளிர்ந்த காலையில் ஸ்ட்ரிங் எட்டும் உச்ச வோல்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பேனல் குளிரக் குளிர வோல்ட் ஏறும்.

ஏசி பக்கத்துக்குச் சாதாரண பிரேக்கரே போதும். அணைக்கும்போது முதலில் அதை, பிறகு டிசியை. இன்வெர்ட்டர் லேபிளில் காத்திருக்கச் சொல்லிப் போட்டிருக்கும் நிமிடங்கள் கழிந்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே எம்சி4-ல் கை வையுங்கள்.