பூனை இருக்கும் வீட்டில் அலர்ஜி: பியூரிஃபையரா, ஜன்னலா, படுக்கையறைக் கதவா?

பூனை வீட்டுக்கு வந்து எட்டு மாதம் கழித்துத்தான் மகளின் தும்மலையும் அதையும் முடிச்சுப் போட்டுப் பார்த்தோம். காலையில் கண் விழித்ததும் பத்துத் தும்மல். உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து மூக்கின் குறுக்கே ஒரு கோடே விழுந்துவிட்டது. தோலில் லேசாகக் குத்திப் பார்க்கும் பரிசோதனையில் பூனைக்கான இடம் கொசு கடித்தாற்போலத் தடித்தது. யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றார்கள் சொந்தக்காரர்கள். எங்களுக்கு மனம் வரவில்லை. வீட்டுக் காற்றைச் சுத்தமாக்கச் சொல்லப்படும் வழிகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தோம்.

ஒப்பிடுவதற்கு முன் ஒன்று. அலர்ஜிக்குக் காரணம் முடி இல்லை. பூனையின் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் ஊறும் ஃபெல் டி 1 என்ற புரதம்தான். பூனை தன்னை நக்கும்போது அது உடம்பெல்லாம் பரவி, காய்ந்து, தோல் செதிலோடு உதிர்கிறது. நாய்க்குக் கேன் எஃப் 1 என்று வேறொரு புரதம். உதிர்வதில் ஒரு பகுதி 5 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய துகள்களாக மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். மீதி மெத்தை, சோபா, திரைச்சீலை என்று துணியைப் பிடித்துக்கொள்ளும். பூனையையே அனுப்பிவிட்டாலும் வீட்டில் அது வடிய மாதக்கணக்கில் ஆகும். ஆகவே ஒவ்வொரு வழியிடமும் நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: மிதப்பதைப் பிடிக்கிறதா, படிந்ததைப் போக்குகிறதா?

மிதப்பதைப் பிடிப்பதில் ஹெப்பா என்ற, நுண்துகளையும் பிடிக்கும் ஃபில்டர் உள்ள காற்றுப் பியூரிஃபையருக்கு ஈடு கிடையாது. அமெரிக்கத் தர அளவின்படி 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தை அது நிறுத்த வேண்டும். பூனைத் துகளெல்லாம் அதற்கு எளிது. ஆனால் பெட்டியின் மேல் 'ஹெப்பா டைப்', 'ஹெப்பா லைக்' என்றிருந்தால் வாங்காதீர்கள், அந்தச் சொற்களுக்கு எந்தத் தர உத்தரவாதமும் இல்லை. எச்13 என்ற தரக் குறி இருக்கிறதா பாருங்கள். அதைவிட முக்கியம் சி.ஏ.டி.ஆர். என்ற எண், அதாவது மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்று தரும் என்பது. 10க்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால் சுமார் 34 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்று சுற்றி வர சி.ஏ.டி.ஆர். 170 வேண்டும். அதுவும் நீங்கள் இரவில் ஓட்டப்போகும் வேகத்தில். விளம்பரத்தில் போடுவது உச்ச வேகத்து எண், அந்தச் சத்தத்தில் குழந்தை தூங்காது. அதனால் அறைக்குத் தேவையானதைவிட ஒரு சைஸ் பெரியதாக வாங்கி நடு வேகத்தில் ஓட்டுவதே நல்லது. கரண்ட் செலவுக்குப் பயப்பட வேண்டாம். 40 வாட் மெஷின் நாள் முழுக்க ஓடினாலும் ஒரு யூனிட்டைத் தொடாது.

அயனைசரை நான் ஒதுக்கிவிட்டேன். துகள்களுக்கு மின்னூட்டம் கொடுத்துச் சுவரிலும் தரையிலும் மெத்தையிலும் ஒட்ட வைப்பதுதான் அதன் வேலை. மிதந்தது படிகிறது, வீட்டை விட்டுப் போவதில்லை. போதாததற்குச் சில கருவிகள் ஓசோன் வெளியிடும், அது மூச்சுக்குழாயை எரிச்சல்படுத்தும். வீசிங் இருக்கும் பிள்ளை உள்ள வீட்டில் அது வேண்டவே வேண்டாம். கார்பன் ஃபில்டர் வாடைக்கு மட்டும்தான், அலர்ஜிக்கு அல்ல.

ஏ.சி. போதுமே என்பார்கள். சாதாரண ஸ்ப்ளிட் ஏ.சி. அறைக் காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றுகிறது. அதன் வலை முடியையும் கனத்த தூசியையும் நிறுத்தும், நுண்துகள் தாண்டிவிடும். வலையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள், அதோடு சரி.

ஜன்னலைத் திறப்பது காசில்லாத வழி, மிதப்பது ஓரளவு வெளியேறும். ரோட்டோரத்து வீடென்றால் புழுதி உள்ளே வரும், சென்னையில் போகி அன்று காலையில் திறக்கவே முடியாது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பியூரிஃபையரை ஓட்டினால் அது ஊர்க் காற்றைத்தான் சுத்தம் செய்துகொண்டிருக்கும். நாங்கள் பகலில், பெருக்கும் நேரத்தில், ஜன்னலைத் திறக்கிறோம். ராத்திரி மூடிவிட்டு மெஷின்.

இப்போது படிந்ததற்கு வருவோம். இங்கே எந்த மெஷினும் உதவாது. மகள் அறையில் பியூரிஃபையர் வைத்த முதல் பதினைந்து நாள் பெரிய மாற்றமே இல்லை. காரணம் பிறகுதான் பிடிபட்டது. பகலெல்லாம் பூனை அவள் தலையணை மேல்தான் படுத்திருந்தது. ஒருநாள் மாலை வெயில் ஜன்னல் வழியே சாய்ந்து விழுந்தபோது தலையணையை லேசாகத் தட்டினேன். வெளிச்சத்தில் பொன் பொடி மாதிரி எழும்பி, அவள் முகம் இருக்கும் உயரத்திலேயே நின்றது. முகத்தைப் புதைத்துத் தூங்கும் இடத்திலேயே அத்தனையும் இருக்கும்போது, மூன்றடி தள்ளி இருக்கும் மெஷின் என்ன செய்யும்?

அன்றிலிருந்து அந்த அறைக் கதவு பகலிலும் சாத்தியே இருக்கிறது. விரிப்பும் தலையணை உறையும் வாரம் ஒருமுறை வெந்நீரில். இலவம்பஞ்சு மெத்தைக்கு ஜிப் வைத்த உறை. துடைப்பத்தால் பெருக்குவதை அந்த அறையில் நிறுத்திவிட்டு ஈரத் துணியால் துடைக்கிறோம். கார்ப்பெட் இல்லாத டைல்ஸ் தரை நமக்குப் பெரிய வரம். மூன்று வாரத்தில் காலைத் தும்மல் இரண்டு மூன்றாகக் குறைந்தது. டாக்டர் கொடுத்த மூக்கு ஸ்பிரேயும் கூடவே ஓடியது, அதையும் சொல்ல வேண்டும். வீசிங் இருந்தால் மருந்தை மெஷினை நம்பி நிறுத்திவிடாதீர்கள்.

பூனையைக் குளிப்பாட்டினால் குறையும் என்பது உண்மைதான், ஆனால் ஒரு வாரத்துக்குள் பழைய அளவுக்கு வந்துவிடும். எங்கள் பூனைக்கு அது சித்திரவதை, விட்டுவிட்டோம். நாய் வைத்திருப்பவர்கள் வாரம் இரண்டு முறை குளிப்பாட்டிப் பார்க்கலாம்.

கையில் காசில்லை என்றால் கதவும் மெத்தை உறையும் வெந்நீரும் முதலில். காசு சேர்ந்ததும் அதே அறைக்குப் பியூரிஃபையர், ஹாலுக்கு அல்ல. சுவரோடு ஒட்டாமல், காற்று இழுக்கும் பக்கம் மறையாமல் வையுங்கள். சாம்பிராணி போடும்போது அணைத்துவிடுங்கள், புகை ஃபில்டரைச் சீக்கிரம் அடைத்துவிடும்.

கதவைச் சாத்திய முதல் நாலு ராத்திரி பூனை வெளியே பிராண்டிக்கொண்டே கிடந்தது. மகள் உள்ளே அழுதாள். ஐந்தாம் நாள் கதவுக்குப் பக்கத்தில் அவளுடைய பழைய துண்டு ஒன்றை விரித்துப் போட்டோம். இப்போது அதன் இடம் அதுதான். பள்ளி விட்டு வந்ததும் ஹாலில் அரை மணி நேரம் அதோடு விளையாடுகிறாள், கை முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு அறைக்குள் போகிறாள்.