விளம்பரக் கணக்கு முடங்கியதா? மீட்டுத் தருகிறேன் என்று வருபவருக்கு அட்மின் உரிமை கொடுக்காதீர்கள்

கூகுளில் விளம்பரம் போடும் கூகுள் ஆட்ஸ் கணக்கு சஸ்பெண்ட் ஆகிவிட்டது என்று எங்காவது உதவி கேட்டு எழுதிப் பாருங்கள். அன்றைக்கே டெலிகிராமில் ஒருவர் வந்துவிடுவார். "உள்ளே ஆள் இருக்கிறார், மூன்று நாளில் எடுத்துத் தருகிறேன், பாதிப் பணம் இப்போது போதும்" என்பார். அப்படி வந்த ஒரு சேவையை நம்பி, சரிசெய்யக்கூடிய நிலையில் இருந்த ஒரு கணக்கு எப்படி அடியோடு போனது என்பதை வரிசையாகச் சொல்கிறோம். இவர்கள் அடிக்கடி பெயரை மாற்றிக்கொள்கிறார்கள். அதனால் செய்யும் முறையைத் தெரிந்து வைத்திருப்பதுதான் உதவும்.

அந்தக் கணக்கு முடங்கக் காரணம், சந்தேகத்துக்குரிய பணப்பரிமாற்றம். பணம் கட்டுபவரின் விவரம் இருக்கும் பேமென்ட் புரொஃபைலில் ஒரு பெயர், கார்டில் பங்குதாரரின் பெயர், அவ்வளவுதான். கார்டு யாருடையது என்பதற்கான அசல் ஆவணத்தைக் கொடுத்து ஒரு மேல்முறையீடு போட்டிருக்க வேண்டிய விஷயம். அந்த மேல்முறையீட்டுக்குக் கட்டணமே கிடையாது.

வந்தவர் முதலில் கேட்டது பத்து இலக்கக் கஸ்டமர் ஐடி. அடுத்து அவருடைய மேனேஜர் அக்கவுன்ட்டிலிருந்து (பலருடைய விளம்பரக் கணக்குகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் கணக்கு) ஒரு இணைப்புக் கோரிக்கை வந்தது, உரிமையாளர் ஏற்றுக்கொண்டார். "ஃபைல் ஏற்றணும், அட்மின் கொடுங்க" என்றார், அதையும் கொடுத்தார். பிறகு நடந்ததுதான் கொடுமை. கார்டு ஸ்டேட்மென்ட்டின் படத்தில் பெயரைத் திருத்தி, அதையே ஆவணமாக ஏற்றினார். நிராகரிக்கப்பட்டது. பதில் வருவதற்குள் அடுத்த மேல்முறையீடு, அதற்கு மேல் இன்னொன்று. அதற்குள் "இரண்டாம் கட்ட ரிவியூ" என்று சொல்லி மறுபடி பணம். கடைசியில் அதே டொமைன் (இணையதள முகவரி), அதே கார்டை வைத்துப் புதுக்கணக்கு திறந்தார். அதுவும் முடங்கியது. இந்த முறை காரணம், கூகுளின் அமைப்பை ஏமாற்ற முயன்றது.

இது எவ்வளவு பெரிய சேதம் என்று பலருக்குப் புரிவதில்லை. முதல் காரணம் ஒரு காகிதத்தில் தீரும். இரண்டாவது காரணத்தை கூகுள் மிகக் கடுமையான மீறல்களின் வரிசையில் வைத்திருக்கிறது. அந்த வரிசைக்கு முன்னெச்சரிக்கை கிடையாது, மீண்டு வருவதும் அரிது. சஸ்பெண்ட் ஆனவர் புதுக்கணக்கு திறந்தால் அதையும் தொடர்புடைய மற்ற கணக்குகளையும் முடக்கலாம் என்று கொள்கையிலேயே இருக்கிறது. "பழைய, வயதான கணக்கு விற்பனைக்கு" என்று வரும் விளம்பரங்களும், அடுத்தவர் கணக்கை வாடகைக்கு எடுப்பதும் இதே குழியில்தான் தள்ளும். வேலை முடியாமல் போனதும் அந்த ஆள் உரிமையாளரின் மின்னஞ்சலை அட்மின் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டுப் போய்விட்டார். அட்மினாக இருப்பவர் மற்ற அட்மினை நீக்க முடியும் என்பது அதுவரை உரிமையாளருக்குத் தெரியாது.

"ஸ்ட்ரைக்கை அழித்துத் தருகிறேன்" என்பதும் இவர்கள் அடிக்கடி விற்கும் பொய். ஸ்ட்ரைக் என்பது மீறலுக்காகக் கணக்கின் மேல் விழும் குறி, அதுவும் சில குறிப்பிட்ட கொள்கை மீறல்களுக்கு மட்டும்தான். முதலில் எச்சரிக்கை, முதல் ஸ்ட்ரைக்குக்கு 3 நாள் நிறுத்தம், இரண்டாவதுக்கு 7 நாள், மூன்றாவதில் சஸ்பெண்ட். முதல் இரண்டு ஸ்ட்ரைக்குகளும் 90 நாளில் தானாகக் காலாவதியாகும். பணம் வாங்கிக்கொண்டு காத்திருப்பவர் அந்த 90 நாளைத்தான் உங்களுக்கு விற்கிறார்.

சரி, என்ன செய்ய வேண்டும்? அறிவிப்பின் முதல் வரியில் உள்ள காரணத்தைப் படியுங்கள், செய்ய வேண்டிய வேலை காரணத்துக்குக் காரணம் மாறும். பாக்கித் தொகைக்காக முடங்கியிருந்தால் பாக்கியைக் கட்டினால் போதும். பணப்பரிமாற்றச் சந்தேகம் என்றால் பெயர், முகவரி, கார்டு மூன்றும் ஒத்துப்போக வேண்டும், ஆவணத்தில் ஒரு எழுத்துகூடத் திருத்தக் கூடாது.

அமைப்பை ஏமாற்றியதாகவோ, தீய நிரல் என்றோ வந்திருந்தால் முதலில் உங்கள் தளத்தைச் சந்தேகப்படுங்கள். ஹேக் ஆன தளம் உரிமையாளருக்கு நல்ல முகத்தையும், தேடலிலிருந்து மொபைலில் வருபவருக்கு வேறு முகத்தையும் காட்டலாம். முகவரியை நேரடியாக டைப் செய்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. லாகின் செய்யாத ஒரு மொபைலில், மொபைல் டேட்டாவில், தேடல் முடிவைத் தொட்டு உள்ளே போய்ப் பாருங்கள். தள உரிமையாளர்களுக்கு கூகுள் தரும் சர்ச் கன்சோல் கருவியில் பாதுகாப்புச் சிக்கல்கள் பகுதியைத் திறந்து பாருங்கள். சர்வரில் ரீடைரக்ட் விதிகள் (வருபவரை வேறு பக்கத்துக்குத் திருப்பும் விதிகள்) இருக்கும் ஃபைல், தளத்தின் தோற்றத்தைத் தரும் தீமின் ஹெடர் ஃபைல், கடைசியாக நிறுவிய பிளகின் (கூடுதல் வசதிக்கான துணை மென்பொருள்) இந்த மூன்றில் ஒன்றில்தான் அந்தத் தீய நிரல் பெரும்பாலும் ஒளிந்திருக்கும். சுத்தம் செய்து, பாஸ்வேர்டுகளை மாற்றிய பிறகுதான் மேல்முறையீடு. அழுக்கோடு போட்டால் நிராகரிப்பு நிச்சயம்.

மேல்முறையீட்டில் கெஞ்சுவதால் பயனில்லை. "எங்கள் தளத்தின் ஹெடர் ஃபைலில் அந்நிய ஸ்கிரிப்ட் ஒன்று மொபைல் பயனர்களை வேறு டொமைனுக்குத் திருப்பியது. இன்ன தேதியில் நீக்கினோம், இன்ன பிளகினை அகற்றினோம், எல்லா அட்மின் பாஸ்வேர்டுகளையும் மாற்றினோம்" என்கிற மாதிரி எழுதுங்கள். கண்டது, செய்தது, தேதி. முதல் பதில் வரும்வரை இன்னொன்று போடாதீர்கள். பேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களை நடத்தும் மெட்டாவிலும் இதே கதைதான். பிசினஸ் சப்போர்ட் ஹோம் பக்கத்தில் ரிவியூ கேட்கும் வசதி இருக்கிறது, அதற்கும் கட்டணமில்லை.

லாகின் பக்கத்தைத் தேடிப் போவதிலும் ஆபத்து உண்டு. 2025 ஜனவரியில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் ஒரு மோசடியை வெளிப்படுத்தினார்கள். "கூகுள் ஆட்ஸ்" என்று தேடுபவருக்கு மேலே போலி விளம்பரம் ஒன்று வந்தது. அதைத் தொட்டால் யாரும் இலவசமாகப் பக்கம் உருவாக்கக்கூடிய கூகுள் சைட்ஸில் கட்டிய ஒரு பக்கம், அங்கிருந்து பாஸ்வேர்டு திருடும் பக்கம். கூகுள் சைட்ஸும் கூகுள் டொமைனிலேயே இருப்பதால் விளம்பரத்தில் தெரிந்த முகவரி அசல் மாதிரியே இருந்தது. முகவரியை நீங்களே டைப் செய்து போங்கள். "24 மணி நேரத்தில் கணக்கு நீக்கப்படும்" என்று மின்னஞ்சல் வந்தால் அதிலுள்ள இணைப்பைத் தொடாமல், கணக்குக்குள் போய் அதே அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏற்கெனவே அனுமதி கொடுத்துவிட்டீர்களா? முதலில் கூகுள் கணக்கில் தெரியாத சாதனங்களை எல்லாம் வெளியேற்றுங்கள். குக்கீயை (நீங்கள் லாகின் செய்திருப்பதை பிரவுசர் நினைவில் வைக்கும் கோப்பு) ஏற்றுமதி செய்யும் பிரவுசர் எக்ஸ்டென்ஷனை அந்த ஆள் நிறுவச் சொல்லியிருந்தால் அதை எடுத்துவிடுங்கள், குக்கீ அவர் கையில் இருந்தால் ஓடிபி இல்லாமலே உள்ளே வருவார். பிறகு பாஸ்வேர்டு, இரண்டடுக்குச் சரிபார்ப்பின் பேக்கப் கோடுகள் இரண்டையும் மாற்றுங்கள். அதன் பின் ஆட்ஸுக்குள் அட்மின் பகுதியில் ஆக்சஸ் அண்ட் செக்யூரிட்டி. அங்கே யூசர்ஸ் மட்டும் பார்த்தால் போதாது, மேனேஜர்ஸ் என்ற தனி டேப் இருக்கிறது, பலர் அதைத் திறப்பதே இல்லை. ஏற்காமல் நிற்கும் அழைப்புகளையும் நீக்குங்கள்.

வங்கியிடம் போகும்போது கவனம். மீட்பு ஆளுக்குக் கொடுத்த பணத்தைத் தகராறு செய்யுங்கள். ஆனால் விளம்பரத் தளம் எடுத்த தொகையை எடுத்த எடுப்பில் சார்ஜ்பேக் செய்தால் (வங்கி மூலம் திரும்பப் பிடித்தால்) அதுவே இன்னொரு முடக்கத்துக்குக் காரணமாகலாம். அங்கீகரிக்காத செலவை முதலில் தளத்திடம் புகாராகக் கொடுங்கள். கணக்கில் மிச்சமிருக்கும் முன்பணத்தையும் விட்டுவிடாதீர்கள். மேல்முறையீடு முடிந்தும் கணக்கு வரவில்லை என்றால், கணக்கை ரத்து செய்தால் பெரும்பாலும் அது திரும்பக் கிடைக்கும்.

அந்த ஆளுடன் நடந்த உரையாடலையும் பணம் கட்டிய ரசீதையும் அழிக்காதீர்கள். ஆட்ஸ் கணக்கின் சேஞ்ச் ஹிஸ்டரியில் எந்த மின்னஞ்சல் எந்த நேரத்தில் எதை மாற்றியது என்று பதிவாகியிருக்கும், அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அடுத்த மேல்முறையீட்டில், உங்களிடமிருந்து அனுமதி வாங்கியவர் யார், எப்போது வாங்கினார், உங்கள் பெயரில் என்னவெல்லாம் செய்தார் என்று காட்ட உங்கள் கையில் இருக்கப்போவது அவை மட்டும்தான்.