சோழவந்தான் பக்கம் நாமே சமைத்துச் சாப்பிடும் ஓட்டு வீடு

மதுரைக்கு வடமேற்கே, வைகைக் கரையில் சோழவந்தான். அதை ஒட்டிய ஒரு கிராமத்தில், தென்னந்தோப்புக்குள் இருக்கிறது இந்த ஓட்டு வீடு. பல வருடங்களாகப் பிள்ளைகளின் பள்ளி லீவுக்கு இங்கேதான் வருகிறோம். இரண்டு அறை, திண்ணை, பின்னால் துவைக்கிற கல். சமைத்துத் தர ஆள் கிடையாது. கேஸ் அடுப்பு, குக்கர், மிக்ஸி, ஃபிரிட்ஜ் எல்லாம் வைத்திருக்கிறார்கள், சமையல் நம் பொறுப்பு. எனக்கு இந்த வீடு பிடித்ததே அதனால்தான். சமைக்க வேண்டுமென்றால் காய் வாங்கத் தெருவில் இறங்கியாக வேண்டும், நாலு பேரிடம் பேசியாக வேண்டும். இங்கே எங்களுக்குப் பழக்கமானவர்கள் எல்லோரும் அப்படிக் கிடைத்தவர்கள்தான்.

இது வெற்றிலைக் கொடிக்கால் பூமி. சோழவந்தான் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கொடி படர்வதற்கு அகத்தி வளர்ப்பார்கள், உள்ளே நுழைந்தால் வெயிலே தெரியாது. காலையில் போய்க் கேட்டால் அப்போதுதான் ஒடித்த அகத்திக்கீரை ஒரு கட்டு கிடைக்கும். வாழைத்தண்டு, வாழைப்பூவுக்கும் பஞ்சமில்லை.

வாழைப்பூ ஆய என் மகளுக்குக் கற்றுக்கொடுத்தது இந்த ஓட்டு வீட்டின் சொந்தக்காரருடைய அம்மா. பிள்ளைகளுக்கு அவர் அப்பத்தாதான். திண்ணையில் முறத்தோடு உட்கார்ந்து, ஒவ்வொரு பூவாக விரித்து, தீக்குச்சி மாதிரி தலை தடித்த நரம்பை உருவிக் காட்டினார். "இந்தக் கள்ளன எடுத்துரணும்த்தா, என்ன செஞ்சாலும் வேகாது. நறுக்குனதும் மோர்த் தண்ணியில போட்டுரு, கறுக்காது." அன்றைக்குச் செய்த பருப்பு உசிலியில் பாதி அவர் வீட்டுக்குப் போனது. பதிலுக்கு ஒரு தூக்குவாளி நிறைய ரசம் வந்தது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். போர் தண்ணீர் உப்பு, அதில் துவரம்பருப்பு லேசில் வேகாது. சமைக்கக் கேன் தண்ணீர் வாங்கிவிடுங்கள். அடுப்பில் ஒரு பர்னர் ரொம்ப நாள் மந்தமாகவே எரிந்தது, பலமுறை சொன்ன பிறகுதான் மாற்றினார்கள். அரிவாள்மனை நன்றாக இருக்கிறது, கத்திதான் மொக்கை. அதனால் கத்தியும் தோசைக்கல்லும் நாங்களே கொண்டுபோகிறோம். மழைக்காலத்தில் கொசுவலை கட்டாயம் வேண்டும். ஐப்பசியில் ஓடு ஒழுகி ஒரு ராத்திரி பாயை மடித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனதும் உண்டு. அதற்கப்புறம் ஓடு மாற்றிவிட்டார்கள், இப்போது ஒழுகுவதில்லை.

ஊர் சுற்ற ஆற்றுக்கு அந்தப் பக்கம் தென்கரை மூலநாதர் கோயில் இருக்கிறது. குருவித்துறைப் பெருமாள் கோயிலும் பக்கம்தான். வியாழக்கிழமை மட்டும் வேண்டாம், அங்கே குரு பகவானைப் பார்க்க வருகிற கூட்டம் தாங்காது.

வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், கழிப்பறைக்கு முற்றத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அப்புறம், வைகாசியில் ஜெனகை மாரியம்மன் திருவிழா சமயத்தில் வீடு கிடைக்காது. அவர்கள் வீட்டுச் சொந்தபந்தமே வந்து தங்கிவிடும்.