ரணஜன்னி (டெட்டனஸ்) ஊசி: அடிபட்ட பிறகா, முன்கூட்டியேவா?

"அடிபட்டா போட்டுக்கலாமே" என்பதுதான் எங்கள் மன்னார்குடிப் பக்கத்துப் பேச்சு. போன அறுவடையில் கருக்கரிவாள் பட்ட விரலில் துண்டைக் கிழித்துக் கட்டிக்கொண்டு, பொழுது சாயும்வரை கதிர் அறுத்தார் அப்பா. சாணமும் சேறும் கலந்த மண்ணில் ரணஜன்னிக் கிருமி பல வருஷம் உயிரோடு கிடக்கும்.

பாதுகாப்பு
அடிபட்ட பின்: ஏற்கெனவே முழுத் தவணை போட்டவருக்கு இது நல்ல ஊக்கம். ஒன்றுமே போடாதவருக்கு ஒரே ஊசி போதாது. உடம்பு எதிர்ப்பை உண்டாக்க நாளாகும். அழுக்கான காயமென்றால் இம்யூனோகுளோபுலினும் (தயாராக உள்ள எதிர்ப்புப் பொருளை உடம்பில் செலுத்தும் ஊசி) போட வேண்டும்.
முன்கூட்டி: காயம் படும்போதே எதிர்ப்பு தயாராக இருக்கும்.

செலவு
அடிபட்ட பின்: இம்யூனோகுளோபுலின் விலை கூடுதல்.
முன்கூட்டி: மலிவு.

சிரமம்
அடிபட்ட பின்: முள் குத்தியதற்கெல்லாம் யார் ஆஸ்பத்திரி போகிறார்கள்?
முன்கூட்டி: நாலு வார இடைவெளியில் 2 ஊசி, 6 முதல் 12 மாதத்தில் மூன்றாவது, பிறகு 10 வருஷத்துக்கு ஒன்று. தேதியை எழுதி வைக்க வேண்டும்.

வயல், மாடு, கொத்து வேலை என்றிருப்பவர்கள் முன்கூட்டியே போடுங்கள். பெண்களுக்குக் கர்ப்பகாலத்தில் போடுகிறார்கள்; விட்டுப்போவது நம் அப்பாக்களும் தாத்தாக்களும்தான். இந்த நோய் ஒருமுறை வந்து பிழைத்தவர்களுக்கும் எதிர்ப்பு வராது, அவர்களுக்கும் ஊசி வேண்டும். தவணை முடித்தவர்களும், கடைசி ஊசி போட்டு 5 வருஷம் தாண்டி அழுக்குக் காயம் பட்டால், அன்றே ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.