அம்மாவின் 'ஏலாத காசு': அற்றென்டன்ஸ் அலவன்ஸோடு நாலு வருடம்

லண்டனில் எங்களோடு இருக்கும் அம்மாவுக்கு 2022 மே மாதத்தில் அற்றென்டன்ஸ் அலவன்ஸுக்கு விண்ணப்பித்தேன். நோயால் அன்றாடம் இன்னொருவரின் உதவி தேவைப்படும் முதியவர்களுக்குப் பிரித்தானிய அரசு கொடுக்கும் காசு அது. அந்த ஃபோர்மை நிரப்ப எனக்கு மூன்று வார இறுதிகள் போயின. கேள்விகள் கடினமில்லை. பக்கத்தில் அம்மா இருந்ததுதான் கடினம்.

"குளிக்க உதவி வேணுமா?" என்று வாசித்தால், "நான் என்ன ஏலாதவளே? எல்லாம் நானே செய்வன் எண்டு எழுது" என்பா. பாரிசவாதம் வந்து ஏழு மாதம். இடது கை சட்டைக் கைக்குள் போகாது. முதுகு தேய்ப்பதும் சட்டை பூட்டுவதும் நான். ஆனால் எங்கள் வீடுகளில் மகள் செய்வதை யார் உதவி என்று எண்ணுகிறார்கள்? நானும் எண்ணவில்லை. இரவு பற்றிய கேள்விக்கு 'சில வேளைகளில்' என்று எழுதி அனுப்பினேன்.

வந்தது குறைந்த தொகை. அப்போது கிழமைக்கு 61.85 பவுண்.

பிறகு உள்ளூர் ஆலோசனை நிலையத்தில் இருந்த ஒரு தமிழ் அக்கா கடிதத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா இரவில எத்தனை தரம் எழும்புவா?" என்று கேட்டா. எனக்குத் தெரியவில்லை. என் நித்திரையைக் குழப்பக்கூடாதென்று அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு தனியே கழிவறைக்குப் போய்க்கொண்டிருந்தது அதற்குப் பிறகுதான் பிடிபட்டது. ஒரு கிழமை கொப்பியில் குறித்தேன்: 1.40, 3.15, 5.05. அடுத்த நாள் இரண்டு தரம், அதில் ஒருமுறை உடுப்பு மாற்ற அரை மணித்தியாலம். பகலில் அல்லது இரவில் மட்டும் உதவி தேவையென்றால் குறைந்த தொகை; இரண்டிலும் தேவையென்றால் கூடிய தொகை. முடிவு வந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். கொப்பிப் பக்கங்களைப் பிரதி எடுத்து இணைத்தேன். 92.40 ஆனது.

ஆகவே நோயின் பெயரைப் பெரிதாக எழுதிப் பயனில்லை. யார், எந்த நேரம், எவ்வளவு நேரம் கைகொடுக்கிறார்கள் என்று எழுதுங்கள். உண்மையில் உதவி கிடைக்கிறதா என்பதுகூட முக்கியமில்லை, தேவைப்படுகிறதா என்பதே கேள்வி. தனியே தட்டுத்தடுமாறிச் சமாளிப்பவருக்கும் அது தேவைதான். தொலைபேசியில் ஃபோர்ம் கேட்ட நாளிலிருந்தே காசு கணக்கிடுவார்கள், ஆனால் ஆறு கிழமைக்குள் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

மற்ற விதிகள் சுருக்கமாக: அரச ஓய்வூதிய வயதை எட்டியிருக்க வேண்டும்; உதவி தேவைப்படத் தொடங்கி ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும் (கடைசிக் கட்ட நோயாளிக்கு இந்தக் காத்திருப்பு இல்லை). சேமிப்பு, வருமானம் பார்ப்பதில்லை, வரியும் இல்லை. ஸ்கொட்லாந்தில் இப்போது வேறு பெயரில் வேறு கொடுப்பனவு. விசாவில் வந்த பெற்றோர் என்றால், நிபந்தனைகளை ஆலோசகரிடம் காட்டாமல் கை வைக்க வேண்டாம்.

காசை எதற்குச் செலவழித்தாய் என்று யாரும் கேட்பதில்லை. எங்களுக்கு அது கிழமையில் இரண்டு காலை வந்து அம்மாவைக் குளிப்பாட்டும் பெண்ணுக்கும், கோயிலுக்கு டாக்சிக்கும், குளிர்காலத்தில் அம்மாவின் அறை ஹீட்டருக்கும் போகிறது. ஒரு பங்கு ஊர்க்கோயில் திருவிழாவுக்கும் போகிறது. நான் தடுப்பதில்லை.

ஒரு பிழை விட்டேன். 2024 நவம்பரில் அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆறு கிழமை ஆஸ்பத்திரியில் இருந்தா. 28 நாளுக்கு மேல் வார்ட்டில் இருந்தால் கொடுப்பனவு நின்றுவிடும், நாங்கள்தான் அறிவிக்க வேண்டும். அலைச்சலில் மறந்தேன். கூடுதலாக வந்ததைத் திருப்பிக் கழித்தார்கள். அம்மா வீட்டுக்கு வந்த அன்றே தொலைபேசி எடுத்தேன், மறுபடி தொடங்கியது.

இது கிடைத்த பிறகு பராமரிப்பவருக்கான கேரர்ஸ் அலவன்ஸுக்கும் வழி திறந்தது. கிழமைக்கு 35 மணித்தியாலமாவது பராமரிக்க வேண்டும், பராமரிப்பவரின் கிழமைச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டக்கூடாது. 2025 ஏப்ரலில் அந்த வரம்பு 151-லிருந்து 196 பவுணாக உயர்ந்ததால்தான் என் பகுதிநேர வேலையோடு அது சாத்தியமானது. ஒரு எச்சரிக்கை: தனியே வசிக்கும் பெற்றோர் பென்ஷன் கிரெடிட்டில் (வருமானம் குறைந்த ஓய்வூதியர்களுக்கான அரச உதவி) கடும் இயலாமைக்கான மேலதிகத் தொகை பெறுகிறார்கள் என்றால், பிள்ளை கேரர்ஸ் அலவன்ஸ் எடுத்ததும் அது போய்விடலாம். முதலில் கணக்குப் பாருங்கள்.

அம்மா இன்னும் அதை 'ஏலாத காசு' என்றுதான் சொல்லுகிறா. 2025-26க்கு 110.40 பவுண் என்று கடிதம் வந்தபோது கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசிப்பித்துவிட்டு, "அந்தப் பிள்ளைக்கும் கூட்டிக் குடு" என்றா. குளிப்பாட்ட வரும் பெண்ணைத்தான் சொன்னா.