ஊட்டியில் வாங்கிய நீலகிரித் தைலம்: மணத்துக்கு முழு மதிப்பெண், லேபிளுக்குப் பாதிகூட இல்லை

உதகைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் வர்க்கியும் தேயிலைத் தூளும் வாங்கும் கையோடு நீலகிரித் தைலமும் (யூகலிப்டஸ் எண்ணெய்) ஒரு பாட்டில் வாங்கிக்கொள்வது நெடுநாள் வழக்கம். நானும் மலையிறங்கும் முன் சாலையோரக் கடை ஒன்றில் 100 மில்லி பாட்டில் வாங்கினேன். ஊருக்கு வந்தபின், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்துக் கடையில் 50 மில்லி பாட்டில் ஒன்றும் வாங்கினேன். இரண்டையும் இரண்டு மாதம் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன்.

முதலில் சரக்கைப் பற்றி. ஊட்டிக் கடையில் வாங்கிய தைலம் நீர்போலத் தெளிவாக, லேசான மஞ்சள் சாயலுடன் இருக்கிறது. மூடியைத் திறந்ததும் மூக்கில் குளிர்ச்சி ஏறுகிறது, சற்று நேரம் கழித்துப் பச்சிலை வாசனை தங்குகிறது. அந்த வாசனை மருந்துக் கடைப் பாட்டிலில் இல்லை. அதில் குளிர்ச்சி மட்டுமே உண்டு, இலையின் நினைவு இல்லை. வெள்ளைத் தாளில் இரண்டிலிருந்தும் ஒவ்வொரு சொட்டு விட்டு வைத்தேன். மறுநாள் இரண்டுமே கறையின்றிப் பறந்துவிட்டிருந்தன. தேங்காய் எண்ணெய் போன்ற கனமான எண்ணெய் கலந்திருந்தால் தாளில் பிசுக்குத் தங்கியிருக்கும். ஆனால் இச்சோதனையை அளவுக்கு மீறி நம்பக் கூடாது. பெயின்ட் கரைக்கும் டர்பன்டைன் கலந்திருந்தாலும் அது இதேபோல் ஆவியாகிப் போய்விடும், அதைக் கண்டுபிடிக்க ஆய்வகம்தான் வேண்டும்.

குறை சொல்ல வேண்டியது லேபிளைத்தான். எந்த மரத்தின் இலை என்று அதில் எழுதவில்லை. யூகலிப்டஸில் பல நூறு இனங்கள் உண்டு. நீலகிரியில் தைலம் வடிப்பது பெரும்பாலும் யூகலிப்டஸ் குளோபுலஸ் என்ற இனத்தின் இலையிலிருந்து. எலுமிச்சை வாசனை வீசும் சிட்ரியோடோரா இனத்தின் எண்ணெய், வேதிப் பண்பில் முற்றிலும் வேறு. மருந்துத் தரமான தைலத்தில் சினியோல் என்ற பொருள்தான் பெரும்பகுதி. ஐரோப்பிய மருந்துத் தர நூல் அது குறைந்தது 70 சதவீதம் இருக்க வேண்டும் என்கிறது. என் பாட்டிலில் அந்த விவரமும் இல்லை, தயாரிப்பு எண்ணும் இல்லை. இருப்பதெல்லாம் “சளி, தலைவலி, மூட்டுவலி அனைத்துக்கும்; குழந்தைகள் முதல் பெரியவர்கள் வரை” என்ற வாசகம்தான். மருந்துக் கடைப் பாட்டிலிலாவது “வெளி உபயோகத்துக்கு மட்டும்” என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள்.

“அனைத்துக்கும்” என்ற அந்த வாசகத்தைப் படித்துவிட்டு யாரும் சந்தேகப்படாததற்கு, ‘தைலம்’ என்ற சொல்லும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. திலம் என்றால் எள். எள்ளிலிருந்து வந்ததே தைலம். சுக்குத் தைலம், அரக்குத் தைலம் என்று நம் வீடுகளில் தலை முழுகத் தேய்க்கும் தைலங்கள் எல்லாம் நல்லெண்ணெயில் மூலிகையைக் காய்ச்சி இறக்கியவை. உள்ளங்கை நிறைய ஊற்றிக்கொண்டாலும் தோல் தாங்கும். நீலகிரித் தைலத்தில் எண்ணெய்ப் பசையே கிடையாது. பாத்திரம் நிறைய இலையைத் திணித்து, நீராவியைச் செலுத்தி, குளிர்ந்து வடியும் நீரின் மேல் மிதக்கும் சிறு படலத்தைப் பிரித்தெடுத்த செறிவு அது. பெயர் ஒன்றாக இருப்பதால் கையாளும் விதமும் ஒன்றாகிவிடுகிறது. மலையில் இம்மரத்தைக் கற்பூர மரம் என்பது இன்னொரு குழப்பம். கற்பூரம் வேறு பொருள். மரமும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, 1843இல் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டு, பிறகு விறகுக்காகப் பெருமளவில் நடப்பட்டது. “நம்ம மலையோட மூலிகை” என்று கடைக்காரர் சொன்னபோது நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் தயவு தாட்சண்யம் வேண்டாம். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, வயிற்றுக்குள் போனாலே சிறு குழந்தைக்கு மயக்கமும் வலிப்பும் வரக்கூடும். அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, ஏனெனில் தைலம் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நுரையீரல் கெடும். பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் மூக்கருகிலோ நெஞ்சிலோ இதைத் தடவவே கூடாது. யூகலிப்டஸும் கற்பூரமும் வலிப்பைத் தூண்டுவதாகப் பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் பெரியவர்களிடமும் கண்டு எழுதியிருக்கிறார்கள்; ஆகவே வலிப்பு நோய் உள்ள வீட்டில் இப்பாட்டில் இல்லாதிருப்பதே நல்லது.

நான் பயன்படுத்தும் முறை இதுதான். 30 மில்லி தேங்காய் எண்ணெயில் 12 சொட்டு கலந்தால் ஏறக்குறைய 2 சதவீதம் ஆகும். முதலில் முழங்கையின் உட்புறம் சிறிதளவு தடவி ஒரு நாள் பொறுத்து, அரிப்போ சிவப்போ இல்லை என்று தெரிந்தபின்பே முதுகுக்கும் கெண்டைக் காலுக்கும் தேய்த்தேன். வலியைப் போக்கியது என்று சொல்ல மாட்டேன், இதமாக இருந்தது. ஆவி பிடிக்க, அடுப்பிலிருந்து இறக்கி வைத்த பாத்திரத்தில் ஒரு சொட்டு போதும், கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மூன்று சொட்டு விட்ட அன்று இருமல் கூடியதே தவிரக் குறையவில்லை. ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் முயலக் கூடாது. குளிக்கும் வாளியில் சொட்டு விடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இது நீரில் கரையாது, அப்படியே மிதந்து வந்து தோலில் ஒட்டி எரியும்.

அதே கடை அலமாரியில் விண்டர்கிரீன் தைலமும் ஒரே மாதிரிப் பாட்டிலில், ஒரே நிற லேபிளில் அடுக்கியிருந்தார்கள். இதைக் கடையின் பெரிய குற்றமாகவே கருதுகிறேன். விண்டர்கிரீன் ஏறக்குறைய முழுவதும் மெத்தில் சாலிசிலேட் என்ற, ஆஸ்பிரினுக்கு உறவான வேதிப்பொருள். அதன் ஒரு தேக்கரண்டியில் ஏறக்குறைய 7 கிராம் ஆஸ்பிரினுக்கு இணையான வீரியம் இருக்கிறது. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடும் முதியவர்கள் மூட்டுவலிக்கு என்று அதை நாள்தோறும் தேய்த்தால் இரத்தக்கசிவு வரை போகலாம்.

பாட்டிலைப் பொறுத்தவரை, பழுப்புக் கண்ணாடி என்பது நல்ல அம்சம். வெளிச்சம் படாமல் சரக்கு நாள் தாங்கும். ஆனால் வாயில் சொட்டுமூடி இல்லை. சாய்த்தால் தாரையாகக் கொட்டுகிறது. பிள்ளைகள் எளிதில் திறந்துவிடும் சாதாரணத் திருகுமூடி வேறு. நான் மருந்துக் கடையில் காலிச் சொட்டுப் பாட்டில் வாங்கி, அதில் மாற்றி, மேலே பெயரும் தேதியும் எழுதி ஒட்டி, பூட்டுள்ள அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் பூஜை அறையும் அடுப்படியும் அதற்கு இடமல்ல. அடுத்த முறை ஊட்டிக்குப் போனால் இந்தச் சரக்கையே வாங்குவேன், ஆனால் இனத்தின் பெயரும் தயாரிப்பு எண்ணும் அச்சிட்ட பாட்டில் கிடைக்கும் கடையில்.