எக்கோ ‘நார்மல்’, அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது

விமானம், வங்கி வேலை, பத்திர வேலை எல்லாம் இந்த முறை ஊரில் தடங்கலில்லாமல் முடிந்தன. எழுத வேண்டியது அம்மாவின் எக்கோ (இதயத்தை அல்ட்ராசவுண்டில் பார்க்கும் ஸ்கேன்) ரிப்போர்ட்டைப் பற்றித்தான்.

வீடியோ காலில் முகம்தானே தெரியும், காலை யார் காட்டுகிறார்கள்? நேரில் பார்த்தால் இரண்டு கணுக்காலும் வீங்கியிருந்தன. விரலால் அழுத்தினால் விழுந்த குழி மறைய நேரமானது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. படுத்தால் இருமல். மூன்று தலையணை அடுக்கிச் சாய்ந்தபடிதான் தூங்குகிறார். பிபி, சுகர் இரண்டும் பல வருடமாக உண்டு.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். டோக்கன், காத்திருப்பு எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒன்றை மனசாரப் பாராட்ட வேண்டும்: காலையில் எழுதிக்கொடுத்த எக்கோ மதியத்துக்குள் முடிந்துவிட்டது. நான் வசிக்கும் நாட்டில் இதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஊர் ஊர்தான் என்று பெருமையாகக்கூட இருந்தது.

அந்தப் பெருமை டாக்டர் அறைக்குள் போகும்வரைதான். ரிப்போர்ட்டின் கடைசி வரியை மட்டும் பார்த்தார். “இ.எஃப் 60 சதவீதம். பம்பிங் நல்லா இருக்கு, ஹார்ட்ல ஒண்ணும் இல்லை. வயசாகுதுல்ல, அப்படித்தான் இருக்கும்.” இ.எஃப் என்பது ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் இடது கீழறையில் உள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதம் வெளியே தள்ளப்படுகிறது என்ற கணக்கு. இருமலுக்கு சிரப், முட்டிவலிக்கு வலி மாத்திரை, அடுத்த டோக்கன். காலைத் தொட்டுப் பார்க்கவில்லை. எப்படித் தூங்குகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இத்தனைக்கும் அதே ரிப்போர்ட்டில், அந்தக் கடைசி வரிக்குக் கொஞ்சம் மேலே, இடது மேலறை பெரிதாகியிருக்கிறது, இதயம் தளர்ந்து விரிவதில் இரண்டாம் நிலைக் குறை இருக்கிறது என்று அச்சடித்திருந்தது. அதைப் படிக்க ஒரு நிமிஷம் ஆகுமா? இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளினால் மட்டும் போதாது. தளர்ந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ளவும் வேண்டும். இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்றுபோவதல்ல, தன் வேலையைச் சரியாகச் செய்ய முடியாமல் போவது. அதில் ஒரு வகை, தசை பலவீனமாகித் தள்ள முடியாமல் போவது. மாரடைப்புக்குப் பிறகு அடிக்கடி வருவது இது, இ.எஃப் 40 சதவீதமோ அதற்குக் கீழோ இருக்கும். இன்னொரு வகையில் தசை நன்றாகவே சுருங்கும், ஆனால் விறைத்துப்போய் சரியாக நிரம்பாது. அழுத்தம் பின்னால் ஏறி நுரையீரலில் நீர் கோக்கும்; படுத்தால் மூச்சு முட்டுவது அதனால்தான். இதில் இ.எஃப் 50ஓ அதற்கு மேலோதான் இருக்கும். 41 முதல் 49 வரை இடைப்பட்ட வகை. இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த விறைப்பு வகைதான். வயதானவர்கள், பெண்கள், பிபி, சுகர், உடல் பருமன், ஒழுங்கற்ற இதயத்துடிப்பு உள்ளவர்களிடம் அதிகம் வருகிறது. அம்மாவுக்கு இதில் எத்தனை பொருந்துகிறது என்று பாருங்கள்.

அப்புறம் வேறொரு டாக்டரிடம் போனோம். வயதானவர், நிதானமானவர். உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வியே, “எத்தனை தலையணை வெச்சுப் படுக்கறீங்கம்மா?” எனக்குக் கண் கலங்கிவிட்டது. கழுத்து நரம்பு புடைத்திருக்கிறதா என்று பார்த்தார், காலை அழுத்தினார், இதயத்துக்குச் சுமை கூடினால் ஏறிக் காட்டும் என்டி-புரோபிஎன்பி என்ற ரத்தப் பரிசோதனை எழுதினார். அது அதிகமாகவே வந்தது. நீர் மாத்திரையோடு எம்பாக்ளிஃபுளோசின் தொடங்கினார். சுகருக்கென்று வந்த அந்த மருந்து இந்த வகை இதயச் செயலிழப்புக்கும் உதவுகிறது என்று 2021இல் ஆய்வில் தெரிந்தது. வலி மாத்திரையைக் கையோடு நிறுத்தினார். அந்த வகை மாத்திரைகள் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கிவைக்கும். சில நாளில் வீக்கம் வடிந்தது, அம்மா ஒரே தலையணையில் தூங்கினார்.

அந்த நல்ல டாக்டரின் சீட்டிலும் ஒரு குறை. நான் வசிக்கும் நாட்டில் இந்த நோய்க்கென்றே நர்ஸ் இருக்கிறார். போன் செய்து முதலில் கேட்பது எடையைத்தான். இங்கே எடை பார்க்கச் சொல்லி யாரும் எழுதித் தரவில்லை, நானேதான் கேட்டு வாங்கினேன். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன் எடை பார்க்க வேண்டும். 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் நீர் சேர்கிறது என்று எடுத்துக்கொண்டு உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ போனுக்குக் காத்திருக்காமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.